இரண்டு டின்னும் ஒரே உயரம்

மாட்டை நிறுக்கத் தராசு வேண்டியதில்லை. முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சைச் சுற்றி ஒரு நாடாவை ஓட்டினால் போதும். நிறை இவ்வளவு என்று நாடாவே சொல்லிவிடும். இது தெரியாமல் எங்கள் லயத்து ஆட்கள் வியாபாரியின் கண்ணை நம்பிக் கன்றுகளை விற்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். எவரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்குச் சொல்லும் பழக்கத்தை நானும் விட்டுவிட்டேன்.

தமிழ் எழுதத் தெரிந்த பொலிஸ் சார்ஜன் திங்கட்கிழமைதான் வருவார் என்றீர்கள். அதுவரை நான் சிங்களத்தில் சொல்ல, நீங்கள் பாதியை விட்டுவிட்டு எழுத, அடியில் நான் கையெழுத்து வைக்க வேண்டுமாம். அது நடக்காது. அதனால்தான் நானே தமிழில் எழுதக் கொப்பி கேட்டேன். என் பெயர் கணேசமூர்த்தி. வயது அறுபத்துமூன்று. பட்டிப்பொலவுக்குக் கீழே உள்ள தேயிலைத் தோட்டத்தில், மேட்டு லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் இருக்கிறேன். மனைவி அழகம்மா. இறந்துபோன கந்தப்பன் அவளுடைய அண்ணன், எனக்கு மச்சான். நான் கோபக்காரன் இல்லை. இதை முதலில் எழுதிவைக்கிறேன்.

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு மாட்டுப் பண்ணையில் எனக்கு வேலை. பண்ணையின் பெயர் இங்கே வேண்டாம். அங்கிருந்த பெரிய டாக்டர், மிருக வைத்தியர், ஒரு பரிசோதனை நடத்தினார். பன்னிரண்டு கன்றுகள். ஆறு கன்றுகள் சாக்குத் திரை போட்டு மரத்தூள் பரப்பிய மூடிய பட்டியில். ஆறு கன்றுகள் காற்றடிக்கிற பக்கம் திறந்த பட்டியில். எல்லாவற்றுக்கும் ஒரே தீனி, ஒரே அளவு. பன்னிரண்டு வாரம் கழித்து எது எவ்வளவு நிறை கூடியிருக்கிறது என்று பார்ப்பது. உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றத் தின்றதில் ஒரு பங்கை எரிக்கிறது. குளிர் கூடக்கூட எரிப்பதும் கூடும். மிஞ்சுவதுதான் சதையாகும். இதை அவர் ஒரு சிகரெட் முடிவதற்குள் எனக்கு விளக்கினார். அதுவரை என் வாழ்க்கையில் யாரும் எனக்கு எதையும் விளக்கியதில்லை. செய் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

தீனி அளப்பது என் பொறுப்பு. இரண்டு டின் கொடுத்தார்கள். மூடிய பட்டிக்குச் சிவப்பு வர்ணம் பூசியது, திறந்த பட்டிக்கு நீலம். இரண்டும் ஒரே உயரம், ஒரே வாய் அகலம். தலைதட்டி ஒரு டின், காலையும் மாலையும். பட்டி கழுவுகிற வேலை கந்தப்பனுக்கு. என்னை அங்கே சேர்த்துவிட்டவனே அவன்தான். தங்கச்சியை எனக்குக் கட்டிக்கொடுத்ததும் அவன்தான். இதையெல்லாம் அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாதவனை எப்படிப் பொறுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

திறந்த பட்டிக் கன்றுகள் மெலிந்தன. எட்டாவது வாரம் இரண்டு எழும்ப முடியாமல் படுத்துவிட்டன. டாக்டர் நான் எழுதிய கொப்பியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இவ்வளவு வித்தியாசம் குளிரால வராது, மூர்த்தி" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். "குளிர் மாடு கொஞ்சம் மெலியும். இப்படி விழாது." படித்தவர்களுக்குத் தங்கள் பரிசோதனையைவிடத் தங்கள் வாய்தான் பெரிது. அந்த வருடம் என் வீட்டுப் பசுவும் கன்றும் தளதளவென்று இருந்தன. நான் அவற்றைக் குளிர் படாமல் வைத்திருந்தேன். அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

பத்தாவது வாரம் யாரோ டாக்டரிடம் போய்த் தீனி விஷயமாக என்னைப் பற்றி ஏதோ சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. அன்று மாலையே என்னை வெளியே போகச் சொன்னார். கொப்பியை என் கண்முன்னால் பால் காய்ச்சுகிற அடுப்பில் போட்டார். டின்களைக் குப்பைமேட்டுக்கு எறிந்தார். பத்து வாரம் என் கையால் எழுதியது அது. இன்னும் நாலு மாதத்தில் என்னை நிரந்தரமாக்குவதாக இருந்தது: குவாட்டர்ஸ், பென்ஷன், காக்கிச் சட்டை. எல்லாம் போய், லயத்துக்குத் திரும்பி வந்து தேயிலைக்குள் புல்லு வெட்டினேன். கொப்பி எரிந்துபோனது. டின்களை நான் பொறுக்கிக்கொண்டேன்.

கந்தப்பன் அங்கேயே இருந்து பென்ஷனோடு றொசல்லவுக்குப் போனான். சொன்னவன் அவன்தான் என்று முடிவுகட்டினேன். பட்டிப் பக்கம் வேறு யார் வருவார்கள்? இருபத்தெட்டு வருடம் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

போன கார்த்திகையில் அவனுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டது. பேச்சும் குழறிப்போனது. அவன் மனைவி செத்துப் பல வருடம். ஒரே மகள் லோஜினி கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள். றொசல்ல வீட்டில் எல்லோரும் கூடி, யார் பார்ப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர்களின் லட்சணம் அந்த நேரத்தில்தான் தெரியும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

லோஜினி அழுதாள். "மாமா, ஒங்களுக்குத்தான் பெரிய தொந்தரவு."

"என்னம்மா தொந்தரவு. எம் மச்சான நான் பாக்காம யாரு பாக்கிறது."

றொசல்லவில் ரயில் ஏறினோம். நானுஓயா தாண்டியதும் கந்தப்பனின் பற்கள் அடிக்க ஆரம்பித்தன. அழகம்மா தன் சேலைத் தலைப்பால் அவனைப் போர்த்தினாள். நான் நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

எங்கள் காம்பராவை ஒட்டி, காற்றடிக்கிற பக்கம், தகரத்தால் அடித்த ஒரு கொட்டில் இருந்தது. அதுவரை பசு நின்ற இடம். பசுவை அடுப்படிச் சுவரின் பின்னால் சூடு வருகிற மூலைக்கு மாற்றினேன். கொட்டிலைக் கழுவி, கட்டில் போட்டு, மச்சானை அங்கே வைத்தேன். லயத்துக் காம்பராவில் விறகுப் புகை, வாதக்காரனுக்கு ஆகாது என்றேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். தனி அறை கொடுத்திருக்கிறான் என்று என்னைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். தகரத்துக்கும் கூரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்ததை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் செய்ய நினைத்தது இதுதான். அந்தப் பரிசோதனையை முடிப்பது. பன்னிரண்டு வாரம், ஒரே சாப்பாடு, இரண்டு இடம். சூடான இடத்தில் நான். குளிரில் அவன். என் கொப்பி சரியா, டாக்டரின் வாய் சரியா என்று பார்த்துவிடுவது. கந்தப்பன் என்ற ஆளைத் தேர்ந்ததில் பழைய பகைக்கும் பங்கு இருந்தது என்று சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் சாப்பாட்டில் நான் வஞ்சகம் செய்யவில்லை.

சமைப்பது அழகம்மா. கொடுப்பது நான். காலையில் அவள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனால் மாலைதான் வருவாள். இரவிலும் நானே எடுத்துப்போனேன், அவள் கால் கடுக்க வந்தவள் என்று சொல்லி. தட்டில் போட்டால் அவனுடைய இடது கை நடுங்கிச் சிந்தியது. அதனால் டின்களை எடுத்தேன். புளி போட்டு விளக்கினேன். சிவப்பில் எனக்குச் சோறு, நீலத்தில் அவனுக்கு. இரண்டையும் தலைதட்டி நிரப்பி, அதன் மேலேயே குழம்பை ஊற்றி, கட்டிலுக்கு எதிரில் ஒரு பெட்டி போட்டு உட்கார்ந்து, அவன் சாப்பிட நானும் சாப்பிட்டேன். இதைவிட நியாயமாக ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் சோறு போட முடியுமா? அவன் எப்போதும் எனக்கு முன்னால் முடித்துவிடுவான். முடித்துவிட்டு, நான் சாப்பிடுவதைப் பார்க்காமல் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் எப்போதுமே அவசரக்காரன்.

ஒவ்வொரு வேளையும் கேட்டேன். "பத்திச்சா மச்சான்?"

"போதும்" என்பான். நாக்குக் குழறினாலும் அந்தச் சொல் மட்டும் தெளிவாக வரும்.

எங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியாது. தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த வீட்டில் உட்கார்ந்து, சோறு பத்தவில்லை என்று ஒரு அண்ணன் சொல்லமாட்டான். உயிர் போனாலும் சொல்லமாட்டான். சொன்னால் தங்கச்சியின் வாழ்க்கைக்கு இழுக்கு என்று நினைப்பான். கந்தப்பன் அந்த விஷயத்தில் ரொம்ப ரோஷக்காரன். எனக்கு அது தெரியும். அதை நம்பித்தான் நான் இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை தோறும் நாடாவால் அவன் நெஞ்சை அளந்து, புதுக் கொப்பி ஒன்றில் குறித்தேன். "பொங்கலுக்கு ஒனக்குச் சட்ட தைக்கப் போறேன்" என்று சொன்னேன். கையைத் தூக்கிக் காட்டுவான். முதல் வாரம் தொண்ணூற்றுநாலு சென்டிமீற்றர். இரண்டாவது வாரம் தொண்ணூற்றிரண்டரை. மார்கழியில் லோஜினி ஒரு கம்பளி வாங்கி, கொழும்பிலிருந்து வந்த லயத்துப் பெண் ஒருத்தியிடம் கொடுத்தனுப்பினாள். பச்சைக் கட்டம் போட்ட தடிப்பான கம்பளி. அவனுக்குப் போர்த்தினால் பன்னிரண்டு வாரமும் வீணாகிவிடும். பசு சினையாக இருந்தது. அதன் முதுகில் போட்டேன். அழகம்மா கேட்டதற்கு, அவனுக்குத் தோல் அரிக்கிறதாம், வேண்டாம் என்கிறான் என்றேன். லோஜினி அழைத்தபோது போனை அவன் காதில் வைத்தேன். அவன் ஏதோ குழறினான். "நல்லா இருக்காராம், கம்பளி கதகதன்னு இருக்காம்" என்று நான் எடுத்துச் சொன்னேன்.

ஆறாவது வாரம் நாடா கூடிக் காட்டியது. எண்பத்தெட்டிலிருந்து எண்பத்தொன்பது. எனக்கு மனசு கொதித்தது. குளிரில் சதை கூட வழியில்லை. பார்த்தால், அழகம்மா விடியலில் மலைக்குப் போகிற வழியில் ரொட்டியும் நெத்தலிச் சம்பலும் இலையில் சுற்றி அவன் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வாதக்காரனுக்குக் கண்ட நேரத்தில் கொடுத்தால் அடுத்த தடவை இதயம் நின்றுவிடும் என்று டிஸ்பென்சரியில் சொன்னார்கள் என்றேன். அவள் பயந்துபோனாள். "நானே எங்கண்ணன சாகடிச்சிருப்பேனே" என்று சொல்லித் தலையில் கை வைத்தாள். ரொட்டி நின்றது. நாடா சொன்னபடி கேட்டது.

தை மாதம் எங்கள் பக்கம் உறைபனி விழும். விடிந்து பார்த்தால் தேயிலை மேல் உப்புத் தூவியதுபோல் இருக்கும். வெயில் பட்டதும் தளிரெல்லாம் கருகிவிடும். கொட்டிலுக்குள் நான் மாட்டியிருந்த வெப்பமானி மூன்று காட்டிய காலைகள் உண்டு. அவன் நடுங்குவதை அந்த வாரத்தோடு நிறுத்திக்கொண்டான். எரிக்க ஒன்றும் இல்லாத உடம்பு நடுங்காது. கன்றுகளிலும் அப்படித்தான் இருந்தது.

ஒன்பதாவது வாரம் ஒருநாள் பகல். அவன் சாப்பிட்டு முடித்துவிட்டு டின்னைக் கீழே வைக்கவில்லை. விரலை மடக்கி அடியில் தட்டினான். ஒருதடவை, இரண்டு தடவை. பிறகு என்னைப் பார்த்தான்.

"இது அந்த நீல டின்னுதானே மச்சான்" என்றான். குழறல் இருந்தது, ஆனால் விளங்கியது.

"ஆமா."

"நான் சொல்லல." வெகுநேரம் மூச்சு வாங்கினான். "ஒன்னய டாக்டர்கிட்ட... நான் சொல்லல. அழகம்மா. ஒனக்குச் சோறு கொண்டாந்தவ, டின்னுக்குள்ள கைய விட்டுப் பாத்தா. கன்னுக்குட்டிங்களப் பாத்து அழுதா. போயிச் சொன்னது அவதான். ஒனக்குத் தெரிஞ்சா நீ அவள வச்சிருக்கமாட்டியேன்னு... நான் வாயத் தொறக்கல."

அவன் கெஞ்சவில்லை. கூடச் சோறு கேட்கவும் இல்லை. இருபத்தெட்டு வருடம் என் பகையைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு, தங்கச்சிக்காக என்னோடு பாயில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். அதைக் கேட்டபோது எனக்கு அவன்மேல் இருந்த வெறுப்பு எவ்வளவு கூடியது என்று எழுத எனக்குத் தமிழ் போதாது. ஒரு மனிதன் இவ்வளவு நல்லவனாக இருப்பது எதிரில் இருப்பவனை அவமதிப்பதுதான்.

அந்த நேரத்தில் நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பகை வேறு, பரிசோதனை வேறு. பகைக்கு ஆள் மாறிவிட்டது என்பதற்காக ஒன்பது வார வேலையைக் குப்பையில் எறிய நான் அந்த டாக்டர் இல்லை. பன்னிரண்டு வாரம் என்றால் பன்னிரண்டு வாரம்தான். மறுநாளும் நீல டின்னைத் தலைதட்டி நிரப்பினேன். பத்திச்சா மச்சான் என்று கேட்டேன். போதும் என்றான். அந்த வெள்ளிக்கிழமை அழகம்மாவுக்கும் நெஞ்சளவு எடுத்தேன், ரவிக்கைக்கு என்று சொல்லி. எண்பத்தொன்று. கொப்பியில் தனிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை, நீங்களே பார்த்திருப்பீர்கள்.

எழுபத்தொன்பதாவது நாள் காலை தேத்தண்ணி கொண்டுபோனபோது அவன் விறைத்துக் கிடந்தான். இன்னும் ஐந்து நாள் இருந்திருந்தால் கணக்கு முழுமையாகியிருக்கும். எதையும் முடித்துக்கொடுக்கிற ஆள் இல்லை அவன். கடைசியாக எடுத்த அளவு எழுபத்தேழு. நான் தொண்ணூற்றாறில் ஆரம்பித்துத் தொண்ணூற்றெட்டில் இருந்தேன். ஒரே சாப்பாடு. இடம் மட்டும் வேறு. ஹட்டனுக்கு ஆள் அனுப்பி அவனுக்குப் புதுச்சட்டை வாங்கினேன். அளவு கேட்டு யாருக்கும் போன் எடுக்க வேண்டியிருக்கவில்லை. சரியாக இருந்தது.

லோஜினி அன்று இரவு ரயிலில் வந்தாள். விடிந்ததும் முகம் கழுவப் பின்பக்கம் போனவள் அடுப்படிச் சுவரின் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள். பசுவின் மேல் பச்சைக் கட்டக் கம்பளி. கம்பளியை எடுத்து, சாணம் ஒட்டிய இடத்தை உள்ளே வைத்து மடித்து, கையில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அத்த, இது யாருக்கு அனுப்பினது?" என்று கேட்டாள்.

அழகம்மா கம்பளியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. எழும்பிக் கொட்டிலுக்குப் போனாள். கட்டிலுக்குக் கீழே கழுவாமல் கிடந்த நீல டின்னை எடுத்து, உள்ளே கையை விட்டாள். விட்ட கையை வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு வெளியே வந்து, குழி தோண்டப் போனவர்களைத் திரும்பி வரச் சொன்னாள். பெட்டியை மூட வேண்டாம் என்றாள். உங்களுக்கு ஆள் அனுப்பினாள். இரண்டாவது தடவையும் அவள்தான். முதல் தடவை புருஷன் என்று பார்த்து ஒளித்துச் செய்தாள். இந்தத் தடவை சனத்துக்கு முன்னால் செய்தாள்.

ஆஸ்பத்திரி டாக்டர் உடம்பில் கொழுப்பே இல்லை, குடலில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். குளிர் அப்படித்தான் தின்னும். கொட்டிலில் வைத்தவன் நான், கம்பளியை மறுத்தவன் நான், ரொட்டியை நிறுத்தியவன் நான். அவன் இறந்துபோவான் என்று தெரிந்துதான் செய்தேன். இதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பட்டினி போட்டுக் கொன்றேன் என்று எழுதாதீர்கள். அது பொய். நான் அளந்து போட்டவன்.

நீல டின்னின் உள்ளே, அடியில் ஆணி அடித்து ஒரு பலகை வில்லை இருப்பதைக் காட்டிக் கேட்டீர்கள். அடி துருப்பிடித்திருந்தது. தீனி கொட்டாமல் இருக்கப் பண்ணையிலேயே நான் வைத்த பலகை அது. நாலு விரல் தடிப்பு. அந்தத் தடிப்பில்தான் கையில் பலகை கிடைத்தது. இரண்டு டின்னும் ஒரே உயரம் என்பதை வெளியே அளந்து பார்த்தால் யாருக்கும் தெரியும்.

நேற்று அழகம்மா இங்கே வந்து என்ன செய்தாள் என்று நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். சிவப்பு டின்னைக் குழாயில் விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு வந்து, உங்கள் மேசையில் இருந்த நீல டின்னுக்குள் மெதுவாக ஊற்றினாள். நீலம் நிறைந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். சிவப்பில் பாதிக்குக் கிட்ட இன்னும் இருந்தது. அது வழிந்து, உங்கள் கடதாசிகளை நனைத்து, மேசை விளிம்பால் என் காலில் கொட்டியது. ஐஸ் மாதிரித் தண்ணீர். எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள்.

அந்த மேசை சமமாக இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.